கீழ் வீட்டுச் சுவரும் எங்கள் வெந்நீர்க் குழாயும்

எங்கள் வீட்டுக் குளியலறையில் ஒரு தொட்டி இருக்கிறது. ஆள் படுத்துக் குளிக்கிற பெரிய வெள்ளைத் தொட்டி. நாங்கள் கேட்டு வைத்ததல்ல. புனேயில், ஹடப்சரில் இந்த வீட்டை எங்களுக்கு விற்ற ஓய்வு பெற்ற ராணுவக்காரர் ஆசைப்பட்டு வைத்தது. வீடு பார்க்க வந்த அன்றைக்கே என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "என்னாங்க இது, மாட்டுக்குத் தண்ணி காட்டுற தொட்டியக் கொண்டாந்து உள்ள வச்சிருக்காரு?" என்றாள். அவருக்குத் தமிழ் தெரியாது. "அம்மாவுக்குப் பிடித்திருக்கிறதாமா?" என்று இந்தியில் கேட்டார். ரொம்பப் பிடித்திருக்கிறதாம் என்று சொல்லி வைத்தேன்.

அதில் இன்றுவரை நாங்கள் படுத்துக் குளித்ததில்லை. நம் உடம்பு அழுக்கில் நாமே ஊறிக் கிடந்துவிட்டு, எழுந்து வந்து சாமி விளக்கை எப்படித் தொடுவது? தொட்டிக்குள் ஒரு பக்கெட்டை வைத்து, நாமும் உள்ளே ஏறி நின்று, மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வோம். தண்ணீர் வராத நாட்களுக்கு நிரப்பி வைக்கவும், கம்பளி அலசவும் உதவும். மற்றபடி அது ஒரு விருந்தாளி மாதிரி வந்து, போகாமலே இருக்கிறது.

தொட்டிக்கு மேலே சுவரில் இரண்டு உருண்டைத் திருகுகள். இடது பக்கம் வெந்நீர், வலது பக்கம் பச்சைத் தண்ணீர். அதுவும் பேருக்குத்தான். கீசர் கெட்டுப்போனபோது கழற்றிய ஆள் இரண்டு குழாயையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டுப் போனான். எதைத் திறந்தாலும் பச்சைத் தண்ணீர்தான் வரும். முருகன் கொடுத்த உடம்புக்கு அது போதும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கீழ் வீட்டு வஹினி மேலே வந்தார். மராத்தியில் வஹினி என்றால் அண்ணி. வயதில் என்னைவிடச் சின்னவர்தான். ஆனாலும் இந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் வஹினி. என்னை அவர் அண்ணா என்பார். புனேயில் தமிழ்நாட்டுக்காரன் எவனாக இருந்தாலும் அண்ணாதான். அவர் பேசுவது இந்தியும் மராத்தியும் கலந்த பேச்சு. நான் தமிழிலேயே எழுதுகிறேன்.

வழக்கமாகப் படியேறும்போதே பேசிக்கொண்டு வருகிறவர், அன்றைக்கு வாசலில் நின்று கையைப் பிசைந்தார்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க குளியலறைக்கு நேர் கீழே எங்க ஹால் சுவர். அதுல தண்ணி இறங்குது."

"எவ்வளவு?"

"காலையில தட்டு அளவு இருந்துச்சு. இப்ப தாம்பாளம் அளவு."

அது மட்டும் என்றால் அவர் கையைப் பிசைந்திருக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அந்தப் பெண் மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிறாள். இதற்கு முன் இரண்டு இடம் வந்து தட்டிப்போனது எங்களுக்கும் தெரியும். இரண்டாவது தடவை வஹினி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"வர்ற அம்மா ரொம்பச் சுத்தம் பாக்கிறவங்களாம். வீட்டுக்குள்ள வந்ததும் சுவரைத்தான் பாப்பாங்களாம். இந்த இடமும் போச்சுன்னா, என் பொண்ணு இனிமே எந்தப் பையன் முன்னாலயும் உக்கார மாட்டேன்னு சொல்லிட்டா அண்ணா."

என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க கவலையே படாதீங்க வஹினி. இவரு பாத்துக்குவாரு."

இந்த வார்த்தையை அவள் அத்தனை சுலபமாகச் சொல்லியிருக்க வேண்டாம். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எந்த போல்ட், எந்த நட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதை எப்படி மாட்டுவது என்று கேட்டால்தான் தெரியாது.

வஹினி போனதும் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிப் பார்த்தேன். வெந்நீர்த் திருகுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி ஒரு வட்டத் தகடு. அதற்குள்ளிருந்து தண்ணீர் கசிந்து சுவருக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. வெளியே சொட்டினால் ஒரு பக்கெட்டை வைத்துத் தப்பிக்கலாம். இது உள்காயம். மொட்டை மாடி வால்வை மூடினால் நிற்கும். ஆனால் எங்கள் வரிசையில் நாலு வீட்டுக்கும் சேர்த்துத் தண்ணீர் நின்றுவிடும். பெண் பார்க்க ஆள் வருகிற வீட்டில் தண்ணீர் இல்லாமல் எப்படி?

வெள்ளிக்கிழமை காலையில் குழாய்க்காரர் ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் திருகை இப்படி ஆட்டினார், அப்படி ஆட்டினார். அது வரவில்லை. "உள்ளே ஒரு நட்டு இருக்கு, அதை இறுக்கினா கசிவு நிக்கும். ஆனா இந்தக் கைப்பிடி கழன்றாத்தான் அந்த நட்டைத் தொட முடியும். இது பழைய மாடல். கைப்பிடியும் தண்டும் ஒண்ணாயிருச்சு. திருகாணியே காணோம். டைல்ஸை உடைக்கணும். மூணு நாள் வேலை" என்றார். மூன்று நாளைக்கு எங்கள் வீட்டில் உடைக்கிற தூசி முழுக்கக் கீழ் வீட்டு ஜன்னலில்தான் இறங்கும். கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டேன்.

அன்றைக்குக் கம்பெனிக்கு லீவு சொன்னேன். நெற்றி நிறைய விபூதி பூசி, வேட்டியை மடித்துக் கட்டி, "முருகா, அந்தப் பிள்ளைக்காக" என்று தொட்டிக்குள் இறங்கினேன்.

முதலில் கையால் இழுத்தேன். பிறகு துண்டைச் சுற்றி இழுத்தேன். வெந்நீரைக் காய்ச்சி ஊற்றி இழுத்தேன். தேங்காய் எண்ணெய் விட்டு அரைமணி நேரம் ஊற வைத்து இழுத்தபோது கை வழுக்கி, அத்தனை வருஷமாக யாரும் படுக்காத தொட்டியில் நான்தான் முதன்முதலாக மல்லாந்து படுத்தேன்.

சத்தம் கேட்டு மனைவி ஓடி வந்தாள். அடி பட்டிருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"கடைசியில அந்த ராணுவக்காரர் ஆசைய நிறைவேத்திட்டீங்க."

"பேசாம கையைக் கொடு."

"எண்ணெய் தேச்சுத்தானே படுத்திருக்கீங்க? அப்படியே சீயக்காயும் கொண்டாரேன், குளிச்சிட்டு எந்திரிங்க."

அம்மிக் குழவியைத் துணியில் சுற்றித் தட்டிப் பார்க்கலாம் என்றேன். குழவியைத் தொட்டால் நடக்கிறதே வேறு என்றாள். கடைசியில் அவளும் வேட்டி நுனியைப் பிடித்து என் பின்னால் நின்று இழுத்தாள். திருவிழாத் தேர்கூட இத்தனை பலத்துக்கு ஓரடி நகர்ந்திருக்கும்.

சாயங்காலம் வரைக்கும் இதே கதைதான். விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. கீழே வஹினி வீட்டில் சோபாவை நகர்த்துகிற சத்தம் கேட்டது. சுவரை எப்படி மறைப்பது என்று அவர்கள் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று புரிந்தது. தொட்டி விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மனைவி விளக்கேற்றிவிட்டு வந்து குளியலறை வாசலில் நின்றாள். இரண்டு திருகையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க, இது ரெண்டும் ஒரே கடையில வாங்குனதுதானே?"

"பின்ன?"

"அப்ப அந்தப் பச்சத்தண்ணித் திருகுல நீலமா ஒரு மூடி இருக்கு. பிளாஸ்டிக்கு. இதுல ஏன் மூடி இல்ல?"

"இதுலதான் சிவப்பு இருக்கே. வெந்நீருக்குச் சிவப்பு. குழாய்க்காரரும் பாத்தாரே."

அவள் சமையலறைக்குப் போனாள். காய் நறுக்குகிற கத்தியைக் கொண்டு வந்து நீல மூடியின் விளிம்பில் வைத்து ஒரு நெம்பு நெம்பினாள். மூடி டக்கென்று தெறித்துத் தொட்டிக்குள் உருண்டது. உள்ளே, ஒரு குழிக்குள், பளபளவென்று ஒரு திருகாணி உட்கார்ந்திருந்தது.

நான் இடது திருகின் சிவப்பை விரலால் தேய்த்துப் பார்த்தேன். விரலில் சிவப்பு ஒட்டியது. மோந்து பார்த்தேன். குங்குமம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் எடுத்துக்கொண்டு நான் வீடு முழுக்கச் சுற்றுவேன். நமக்கு உழைக்கிற எதற்கும் பொட்டு வைக்காமல் விடக் கூடாது என்பது என் கொள்கை. மிக்ஸி, கிரைண்டர், ஸ்கூட்டர், தையல் மெஷின், அரிவாள்மனை, கடைசியில் குழாய்கள். இந்த வீட்டுக்கு வந்த முதல் வருஷமே வெந்நீர்த் திருகின் சிவப்பு மூடி உதிர்ந்து, நடுவில் அழகாக ஒரு குழி இருந்தது. சாமியே பொட்டு வைக்க இடம் விட்டிருக்கிறார் என்று சந்தோஷப்பட்டு, அதில் சந்தனத்தை அழுத்தி வைத்து மேலே குங்குமம் வைத்தேன். மறு வருஷம் காய்ந்து உள்வாங்கியிருந்தது. அதன்மேல் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. டேங்கர் தண்ணீரின் உப்பும் சோப்பு நுரையும் சேர்ந்து அது சிமென்டாகிவிட்டது. திருகாணியைப் புதைத்தவன் நானேதான்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"குழாய்க்காரருக்குக்கூடத் தெரியலையே! அவ்வளவு பக்தியா வச்சிருக்கீங்க."

"சரி சரி, கத்தியக் கொடு. நோண்டி எடுத்துருவோம்."

சிரிப்பு சட்டென்று நின்றது. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளக்கு வச்சதுக்கப்புறம், பொட்டை அழிக்கப் போறீங்களா?"

எனக்கும் கை நின்றுவிட்டது. அவள் சொல்லாவிட்டாலும் கத்தி முனையை அதில் வைக்கும்போது எனக்கே தோன்றியிருக்கும். குழாய்தானே என்று சொல்லலாம். ஆனால் நான் குழாய்க்கு வைக்கவில்லை. வைக்கும்போது ஒவ்வொரு தடவையும் கையைக் கூப்பித்தான் வைத்தேன். இன்னொரு வீட்டுப் பெண்ணுக்கு நல்லது நடக்க வேண்டிய வேலையை வெள்ளிக்கிழமைப் பொட்டை அழித்துத் தொடங்க மனசு வரவில்லை. அதே நேரம் கீழே சுவர் நனைந்துகொண்டிருந்தது.

கீழே போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். வஹினியின் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் பேச்சிலே எப்போதும் ஒரு குத்தல் இருக்கும்.

"அண்ணா, உங்க குழாய்க்கு நாளைக்குக் கல்யாணமே பண்ணி வச்சிடலாம் போலிருக்கே. பொட்டெல்லாம் ரெடியா இருக்கு!"

வஹினி அவரை முறைத்தார். "நீங்க சும்மா இருங்க. வெள்ளிக்கிழமை குங்குமத்தைக் கிளறுவாங்களா? அண்ணா சொல்றது சரிதான். நாளைக் காலையில எடுங்க அண்ணா. தேவி கைவிட மாட்டா." சுவர் அவருடையது, மகள் அவருடையவள், தூக்கம் போனதும் அவருக்குத்தான். ஆனாலும் அவர் அப்படிச் சொன்னது இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் குளித்து, சாமி கும்பிட்டு, மனைவியை ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்துப் பிடிக்கச் சொல்லி, ஊசியாலும் சின்ன ஸ்க்ரூடிரைவராலும் கிளற ஆரம்பித்தேன். "முருகா, அழிக்கலப்பா, இடம் மாத்துறேன்" என்று சொல்லிக்கொண்டேன். மஞ்சள், சிவப்பு, மஞ்சள், சிவப்பு என்று அடுக்கடுக்காக வந்தது. ஒரு அடுக்கு மட்டும் வெளிறிப் போயிருந்தது.

"இது எந்த வருஷம்?" என்றேன்.

"நீங்க ஊர்ல இருந்தப்ப நான் வச்சது. பவுடர்ல தண்ணி கூடிப்போச்சு."

"அதான் பாத்தேன். என் கை வேலை இவ்வளவு மட்டமா இருக்காதே."

"ஆமா, உங்க கை வேலையாலதான இங்க ரெண்டு பேரும் காகிதமும் ஊசியுமா உக்காந்திருக்கோம்."

உதிர்ந்ததை ஒரு பொடி விடாமல் காகிதத்தில் மடித்து, கால் படாத இடத்தில் சேரட்டும் என்று பால்கனியில் துளசித் தொட்டியில் கரைத்தாள். அடியில் திருகாணி தெரிந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருப்பினேன். முதல் திருப்புக்கு அசையவில்லை. இரண்டாவது திருப்புக்கு ஒரு முனகல். மூன்றாவதில் சுற்றியது. திருகாணி கையில் வந்தபோது அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ஆனால் கைப்பிடி வரவில்லை! திருகாணி இல்லாமலே, தண்டைக் கவ்விக்கொண்டு அப்படியே இருந்தது. உப்பு பிடித்து இறுகியிருக்கிறது என்று பார்த்த உடனே தெரிந்தது. மறுபடி இழுக்கப் போன என்னை மனைவி தடுத்தாள்.

"குத்துவிளக்குல திரி போடுற தட்டு இறுகிப்போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"புளி போட்டுத் தேய்ப்ப."

"அப்ப இது என்ன, தங்கமா?"

ஒரு கை புளியை வெந்நீரில் கரைத்துத் துணியில் நனைத்துக் கைப்பிடியைச் சுற்றிக் கட்டினாள். மணிக்கொரு தரம் புதுப் புளித்தண்ணீர் விட்டாள். குளியலறை முழுக்க ரசம் கொதிக்கிற வாசனை. மதியம் மூன்று மணிக்கு, கைப்பிடியின் பின்னால் ஒரு கயிற்றைக் கோத்து, இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று நிதானமாக இழுத்தேன். பல் விழுகிற மாதிரி ஒரு ஆட்டம் கண்டது. இன்னொரு இழுப்பில், ஒரு பெருமூச்சு மாதிரிச் சத்தத்தோடு கையோடு வந்துவிட்டது.

நாங்கள் இரண்டு பேரும் போட்ட சத்தத்தில் கீழேயிருந்து வஹினியின் வீட்டுக்காரர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். தகடும் இப்போது சுலபமாகக் கழன்றது. உள்ளே நட்டு தெரிந்தது. அதைச் சுற்றித்தான் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. என்னிடம் இருந்த ஸ்பானர் எதுவும் அதற்குச் சேரவில்லை.

"கடைக்குப் போய் வாங்கிட்டு வந்துர்றேன்" என்று சட்டையை எடுத்தேன்.

"சனிக்கிழமை இரும்பு வாங்குவீங்களா?" என்றாள் மனைவி.

வஹினியின் வீட்டுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். தமிழ் தெரியாவிட்டாலும் 'சனி' அவருக்குப் புரிந்துவிட்டது. "நேத்து வெள்ளி, இன்னைக்கு சனியா? அண்ணா, உங்க வீட்டுல குழாய் ரிப்பேர் பண்ண எந்தக் கிழமைதான் நல்ல கிழமை?" என்று கேட்டுக்கொண்டே கீழே இறங்கிப் போய், ஒரு பெரிய பானாவோடு வந்தார். இங்கே ஸ்பானருக்கு பானா என்றுதான் பேர். விலைக்கு வாங்கினால்தான் தோஷம், அண்ணன் தம்பிக்குள் கேட்டு எடுப்பதில் ஒன்றும் இல்லை என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். நான் டார்ச்சைப் பிடிக்க, அவர் அரைச் சுற்று இறுக்கினார். கசிவு வெறும் ஊறலாகக் குறைந்தது. இன்னும் கால் சுற்று. ஊறல் நின்றது.

பத்து நிமிஷம் மூன்று பேரும் அந்த நட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். காய்ந்தே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் என் தோளைத் தட்டி, "நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் வந்து எங்ககூட உக்காரணும்" என்றார். கைப்பிடியை அப்போதே மாட்டவில்லை. உப்பைச் சுத்தமாக எடுத்துவிட்டு மாட்டலாம் என்று புளித்தண்ணீரில் போட்டு வைத்தேன்.

தண்ணீர் நின்றுவிட்டது. சுவர் காயவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால், சோபாவுக்கு மேலே தாம்பாளத்தையும் தாண்டிய ஈரம் அப்படியே இருந்தது. வஹினி அதன்மேல் ஒரு பூவேலைத் துணியைத் தொங்கவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாகவே இருந்தது.

பதினோரு மணிக்குப் பையனும் அவன் அப்பா அம்மாவும் வந்தார்கள். பையனுக்குத் தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வெள்ளைச் சட்டை, நல்ல இஸ்திரி. இத்தனை இடம் இருக்க, நேராகப் போய் அந்தத் துணிக்குக் கீழேயே உட்கார்ந்தான். வஹினி என்னைப் பார்த்தார். நான் முருகனைப் பார்த்தேன். அதாவது உத்தரத்தைப் பார்த்தேன்.

காந்தே போஹே வந்தது. வெங்காயம் போட்டுத் தாளித்த அவல். நம் ஊரில் சொஜ்ஜி பஜ்ஜி மாதிரி இங்கே பெண் பார்க்கிற சடங்குக்கே அதுதான் பேர். பெண் தட்டுகளைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். முகத்தை இரும்பு மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள். பையனின் அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, சொல்லி வைத்தது போலவே, சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பையன் கூச்சத்தில் பின்னால் சாய்ந்தான். துணியும் நனைந்திருந்தது போல. நிமிர்ந்தபோது, வெள்ளைச் சட்டையின் தோளில் வெளிர் நீலச் சுண்ணாம்பு அப்பளம் அளவுக்கு ஒட்டியிருந்தது.

எல்லாரும் பார்த்தோம். பெரியவர்கள் எல்லாரும் பார்க்காத மாதிரி இருந்தோம். பையனின் அப்பா இந்த வருஷம் மழை எப்படி என்று கேட்டார். வஹினியின் வீட்டுக்காரர் மழை நல்ல மழை என்றார். அதற்குமேல் மழையைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

பையன் தோளைத் தொட்டுப் பார்த்தான். திரும்பித் துணியைத் தூக்கிப் பார்த்தான். சுவரில் உள்ளங்கையை வைத்தான். "இன்னும் ஈரமா இருக்கே. எங்கேயிருந்து வருது?" என்றான். குற்றமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

வஹினியின் முகம் வெளுத்துவிட்டது. நான் எழுந்து நின்றேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வராமல் எழுந்து நின்ற மாதிரி.

"எங்க வீட்டுக் குழாய் தம்பி. தப்பு என்னுது. நேத்துத்தான் நின்னுச்சு. இவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"கைப்பிடி இறுகியிருந்துதா?"

நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அந்தப் பெண் வாய் திறந்தாள். "அங்கிள் அதுக்குள்ள பத்து வருஷச் சந்தனத்தை அடைச்சு வச்சிருந்தார்" என்று ஆரம்பித்தவள், சொல்லி முடிக்க முடியாமல் சிரித்துவிட்டாள். இரும்பு முகமெல்லாம் போய்விட்டது. அவன் "சந்தனமா?" என்றான். "சந்தனம், குங்குமம், அப்புறம் புளி" என்றாள் அவள். அவனும் சிரித்தான். பையனின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

இரண்டு பேரும் தனியாகப் பேசட்டும் என்று பையனின் அப்பா சொன்னார். வழக்கமாக மொட்டை மாடிக்கு அனுப்புவார்கள். பையன் என்னைப் பார்த்து, "அங்கிள், அந்தக் குழாயைப் பார்க்கலாமா?" என்றான்.

அந்தப் படிக்கட்டை நான் அவ்வளவு வேகமாக எப்போதும் ஏறியதில்லை. அவர்கள் வருவதற்குள் கொடியில் கிடந்த என் துண்டு, வேட்டி, சொல்லக் கூடாத மற்றதுகள் எல்லாவற்றையும் அள்ளிப் பீரோவுக்குள் திணித்தேன். பக்கெட்டை எடுக்க நேரமில்லை. அவர்கள் குளியலறைக்குள் போனார்கள். கதவு திறந்தேதான் இருந்தது. நானும் மனைவியும் சமையலறையில் நின்று, பாத்திரத்தைத் தேய்க்கிற மாதிரி பாவனை செய்தோம்.

முதலில் அவன் குரல். அப்புறம் அவள் குரல். ரொம்ப நேரம் அவள் குரல். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

"என்னாங்க, சத்தத்தையே காணோம்?"

"பேசாம இரு."

சட்டென்று தண்ணீர் கொட்டுகிற சத்தம். நான் "முருகா!" என்று ஓடினேன். அவன் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, கைப்பிடியை மாட்டித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, நட்டின் ஓரத்தைக் குனிந்து பார்த்தாள். "சொட்டு இல்லை அங்கிள், நல்லா இறுக்கியிருக்கீங்க" என்றான். நான் இறுக்கவில்லை, உன் மாமனார் இறுக்கினார் என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன். இன்னும் ஒன்றும் முடிவாகவில்லையே.

அவர்கள் சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போகும்போது பையனின் அம்மா சுவரை இன்னொரு தரம் பார்த்தார். அன்றைக்கும் மறுநாளும் வஹினி மேலே வரவில்லை. நானும் கீழே போகவில்லை. செல்போன் மணி கீழே அடித்தால் எனக்கு இங்கே நெஞ்சு அடித்துக்கொண்டது. என் சந்தனத்தால் ஒரு பிள்ளையின் வாழ்க்கை நின்றுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அப்படி ஒரு வேண்டுதலை முருகன் அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வஹினி வந்தார். வாசலிலேயே நின்று என் மனைவியைக் கட்டிக்கொண்டார். பின்னால் வந்த அவர் வீட்டுக்காரர்தான் சொன்னார்.

"சரின்னுட்டாங்க அண்ணா. பையன் அன்னைக்கே சொல்லிட்டானாம். அம்மாவைச் சம்மதிக்க வைக்கத்தான் ரெண்டு நாள்."

"பொண்ணு என்ன சொன்னா?"

"எல்லாரும் நடிச்சப்ப, ஈரமா இருக்கேன்னு கேட்ட ஆள் அவர் ஒருத்தர்தான்னு சொன்னா. அது போதுமாம்."

நான் பூஜை அறைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"ஆனா பையனோட அம்மா ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க. நிச்சயத்தை எங்க வீட்டு ஹால்லயே வைக்கலாமாம். அதுக்கு முன்னாடி அந்தச் சுவர் காஞ்சு, சுரண்டி, புதுசா வெள்ளை அடிச்சிருக்கணுமாம். அதையும் நேர்ல வந்து தொட்டுப் பாப்பாங்களாம்."

"அது என் வேலை" என்றேன்.

"என்னைக்கு ஆரம்பிக்கலாம்? உங்க பஞ்சாங்கத்தைப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

பார்க்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, நான் இந்த ஓரத்திலும் அவர் அந்த ஓரத்திலுமாக நின்று, அந்தச் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தோம்.